இரட்டைச் சுரண்டல்

மஞ்சள் துணிப்பையிலிருந்து அந்தப் பெண் எடுத்து நம் மேசைமேல் வைத்தது, பட்டன் வைத்த ஒரு பிளாஸ்டிக் ஃபைல். ஏழு வருடத்துக் காகிதம். ஸ்கேன் படங்கள் வெளுத்துப் போய், ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பிரித்தெடுத்தால் மசி உரிந்து வந்தது.

“இதுல எதுன்னு நீங்களே பாருங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கலைங்க” என்றார். பள்ளிபாளையம் பக்கத்து விசைத்தறிக் குடும்பம். வயது முப்பதைத் தாண்டவில்லை.

அடியிலிருந்த முதல் காகிதம் ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு. ஒன்பது வாரக் கரு, துடிப்பு இல்லை, டி அண்ட் சி (கருப்பையைச் சுரண்டி எடுப்பது) செய்யப்பட்டது, பொதுநிலை நன்று. மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் இரண்டாவது சீட்டு. உள்ளே மிச்சம் இருக்கிறது, மறுபடியும் டி அண்ட் சி. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வரவே இல்லை. “ரெண்டு நாளுதானுங்க. அதுவும் சொட்டு சொட்டா. அப்பறம் அதுவும் நின்னு போச்சு. மாசாமாசம் அடிவயிறு மட்டும் வலிக்கும்.” சொன்னபோது அந்த மருத்துவமனையில் கிடைத்த பதில்: கம்மியா வந்தா நல்லதுதானேம்மா.

மேலே இருந்த காகிதங்கள் வேறு மையங்களுடையவை. ஹார்மோன் மாத்திரை, ஊசி, இரண்டு முறை டெஸ்ட் டியூப் முயற்சி. இரண்டிலும் ஒரே குறிப்பு: லைனிங் (கருப்பையின் உள்படலம்) ஏறவில்லை. வீட்டில் அத்தை “சூட்டு ஒடம்பு” என்று மோரும் வெந்தயமும் கொடுத்தார். திருக்கருகாவூர் நெய் இரண்டு மண்டலம் சாப்பிட்டாயிற்று. எட்டுப் பவுன் அடகுக்குப் போய்த் திரும்பவில்லை. ஏழாவது வருடம் வேறொரு ஊரில் ஒரு மருத்துவர் கருப்பைக்குள் கேமராவை விட்டுப் பார்த்தார். முன்சுவரும் பின்சுவரும் ஒன்றாக ஒட்டியிருந்தன. பார்த்து முடிக்கக் கால் மணி நேரம்.

முதலில் சுரண்டிய மருத்துவமனையின் பெயரை நாம் எழுதப்போவதில்லை. எழுதினால் கதை ஓர் ஊரின் ஒரு கட்டடத்தோடு முடிந்துபோகும். நாம் கேட்க வந்த கணக்கு அதைவிடப் பெரிது.

நம் மொழியில் சுரண்டல் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று கத்தியும் கரண்டியும் செய்வது. மற்றது காசு பறிப்பது. தமிழ்நாட்டில் கரு கலைந்த பெண் ஒருத்தி இந்த இரண்டுக்கும் அடுத்தடுத்து ஆளாகிறாள். முதலாவது நடப்பதால்தான் இரண்டாவதற்கு ஆள் கிடைக்கிறது. இரண்டையும் இந்தத் தலையங்கம் கண்டிக்கிறது.

கருப்பையின் உள்படலம் இரண்டு அடுக்கு. மேலடுக்கு மாதந்தோறும் உதிர்ந்து போகும். அடியடுக்கு உதிராது, அடுத்த மாதத்துப் படலத்தை அதுதான் முளைக்க வைக்கிறது. அருகம்புல்லை மேலே அறுத்தால் தழைத்து வரும். வேரோடு களைக்கொத்தியால் சுரண்டினால் அந்த இடம் பொட்டலாகிவிடும். கரு கலைந்த கருப்பையும் பிரசவித்த கருப்பையும் வழக்கத்தைவிட மென்மையாக இருக்கும். பெண் ஹார்மோன் அளவும் அப்போது இறங்கியிருப்பதால் புண்பட்ட இடம் மீண்டும் மூடுவதும் தாமதமாகும். அந்த வேளையில் எஃகு முனை அடியடுக்கு வரை இறங்கினால், எதிரெதிர்ச் சுவர்களின் இரண்டு புண்கள் ஒன்றையொன்று தொட்டபடி ஆறும். ஆறும்போதே ஒட்டிக்கொள்ளும். இதற்கு ஆஷர்மன் நோய் என்று பெயர். சினைப்பை நன்றாக இருக்கும், ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் எல்லாம் சரியாக இருக்கும், கணவரின் பரிசோதனையிலும் குறை இருக்காது. கரு மட்டும் தங்காது, தங்கினாலும் நிலைக்காது. பழியைத் தூக்கிச் சுமப்பவள் அவள்.

அந்தக் கரண்டிக்கு ‘க்யூரெட்’ என்று பெயர். நீண்ட எஃகுத் தண்டு, நுனியில் ஒரு வளையம், வளையத்தின் விளிம்பில் கூர். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ரெக்காமியே என்ற பிரெஞ்சு மருத்துவர் கொண்டுவந்தது. கண்ணால் பார்க்காமல், கையின் உணர்வை மட்டும் நம்பி இதைச் செலுத்த வேண்டும். எப்போது நிறுத்துவது? சுவர் நறநறவென்று தட்டுப்படும்வரை சுரண்டு என்பதே பழைய பாடம். அந்தச் சத்தத்துக்குக் ‘கருப்பையின் அழுகை’ என்றே மருத்துவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். எந்தக் கவிஞனும் வைக்கத் தயங்கும் பெயர். அழுவது கேட்டால் முழுதாகச் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமாம். உண்மையில், அடியடுக்கு வரை கரண்டி போய்விட்டது என்று அர்த்தம்.

இது இன்று நேற்றுத் தெரியவந்த ஆபத்து என்று யாரும் சொல்லித் தப்ப முடியாது. பிரசவத்துக்குப் பின் சுரண்டப்பட்ட ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோனதை ஜெர்மானிய மருத்துவர் ஃப்ரிட்ஷ் 1894-இல் எழுதினார். டெல் அவிவில் பணியாற்றிய ஜோசப் ஆஷர்மன், இப்படிப்பட்ட 29 பெண்களின் விவரத்தை 1948-இல் வெளியிட்டார். கூர்முனையால் சுரண்டும் முறை காலாவதியானது, அதை விட்டுவிட்டு உறிஞ்சுமுறையோ மாத்திரையோ பயன்படுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-இல் கருக்கலைப்புக்கான வழிகாட்டியில் எழுதியது. 2022-இல் மறுபடியும் வலியுறுத்தியது. நம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பாதுகாப்பான கருக்கலைப்பு வழிகாட்டி நெறிகளும் இதையே சொல்கின்றன. ஆக, உலகமும் சொல்லியாயிற்று, டெல்லியும் சொல்லியாயிற்று. ஆனால் நம் மாவட்டத் தலைநகரங்களிலும் தாலுகா ஊர்களிலும் எத்தனை நர்சிங் ஹோம்களில் க்யூரெட் இன்னும் ட்ரேயில் முதல் ஆளாகக் கிடக்கிறது?

கருச்சிதைவுக்குப் பின் ஓராண்டுக்குள் கேமரா வைத்துப் பார்க்கப்பட்ட பெண்களின் ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 2014-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியானது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு உள்ளே ஒட்டுத்தழும்பு இருந்தது. பெரும்பாலானவை லேசானவை, உண்மைதான். ஆனால் சுரண்டியது ஒரு தடவைக்கு மேல் போனால் ஆபத்தும் கூடுகிறது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. பள்ளிபாளையத்துப் பெண்ணின் இரண்டாவது சீட்டு நினைவிருக்கட்டும்.

இந்த இடத்தில் மருத்துவ நண்பர்கள் சொல்லும் சமாதானங்கள் நமக்குத் தெரியும். ரத்தம் கொட்டிக்கொண்டு வருகிறவளை வைத்துக்கொண்டு வழிகாட்டி நெறி படிக்க முடியுமா என்பார்கள். முடியாது. நஞ்சு உள்ளே சிக்கி உயிர் ஊசலாடும் நேரத்தில் கையில் கிடைத்ததைக் கொண்டு காப்பாற்றும் மருத்துவரை இந்தப் பத்திரிகை கும்பிடும். நாம் பேசுவது அவரைப் பற்றி அல்ல. துடிப்பு நின்ற எட்டு வாரக் கருவோடு, ரத்தப்போக்கே இல்லாமல், காலையில் பஸ் ஏறி நடந்து வருகிற பெண்ணைப் பற்றி. அவளுக்கு மூன்று வழி இருக்கிறது. சில நாள் பொறுத்தால் தானாக வெளியேறலாம். மாத்திரையில் வெளியேற்றலாம். இல்லையென்றால் உறிஞ்சி எடுக்கலாம். இந்த மூன்றில் எதையும் சொல்லாமல், “சாயந்திரம் சுத்தம் பண்ணிடலாம், நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்” என்று சொல்லிவிடுகிறார்களே, அதைத்தான் கேட்கிறோம்.

இந்தச் ‘சுத்தம்’ என்ற சொல்லே பெரிய மோசடி. கருப்பை என்ன, விசேஷம் முடிந்த சமையல் அண்டாவா, தேய்த்துக் கவிழ்த்து வைக்க? மாதாமாதம் தன்னைத் தானே உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்ளும் உறுப்பு அது. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியும் “ஏதும் விசேஷம் இல்லையா?” என்ற கேள்விக்குப் பதிலில்லாத வீடுகளில், ஒருதரம் கர்ப்பப்பையைக் கழுவிவிட்டால் தங்கிவிடும் என்று அழைத்துப் போகிற மாமியார்களும் இருக்கிறார்கள், அதற்குச் சம்மதித்துச் செய்து அனுப்புகிற மருத்துவர்களும் இருக்கிறார்கள். மாமியாரை மன்னித்துவிடலாம், அவர் எம்.பி.பி.எஸ். படிக்கவில்லை.

உறிஞ்சு கருவி விலை கூட என்பது அடுத்த சமாதானம். கையால் இயக்கும் உறிஞ்சு கருவி ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்ச். கொள்ளளவு 60 மில்லி. முனையில் வளையும் குழாய். கரண்ட் வேண்டாம், முழு மயக்கம் வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துவிடலாம். 12 வாரம் வரை போதும். இதிலும் தழும்பு அறவே வராது என்று நாம் சொல்லவில்லை; வருவதற்கான வாய்ப்பு குறைவு. ஆனால் உறிஞ்சு கருவி வைத்திருக்கும் இடங்களிலும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உறிஞ்சி முடித்தபின், எதற்கும் இருக்கட்டும் என்று க்யூரெட்டை விட்டு ஒரு சுற்றுச் சுரண்டுவார்கள். ‘செக் க்யூரெட்டேஜ்’ என்பார்கள். அதற்கு அவசியமே இல்லை என்று வழிகாட்டி நெறிகள் சொல்லியும் கை கேட்பதில்லை. நல்ல கருவியை வாங்கி வைத்துக்கொண்டு அதன் பலனையும் கெடுப்பது இது.

கை ஏன் கேட்பதில்லை? எப்படிப் பழகியதோ அப்படி. மகப்பேறு மருத்துவப் பரீட்சையில் கருவிகளை மேசைமேல் பரப்பிவைத்து மாணவரிடம் கேள்வி கேட்பார்கள். க்யூரெட்டைக் கையில் எடுத்து, எது கூர்முனை, எது மழுங்கு முனை, எதற்குப் பயன் என்று கேட்பது வாடிக்கை. இதை எப்போது எடுக்கவே கூடாது என்ற கேள்வி எத்தனை தேர்வர்களிடம் கேட்கப்படுகிறது? கிண்டியிலிருக்கும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இதற்குப் பதில் சொல்லட்டும்.

மாத்திரை விஷயத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது அரசு. மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரைக்கு இந்தியாவில் 2002-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. அதோடு மிசோப்ரோஸ்டாலும் சேர்ந்தால் ஆரம்ப வாரங்களில் பெரும்பாலோருக்குக் கரண்டிக்கே வேலை இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் மருத்துவர் சீட்டோடு போனாலும் இந்த மாத்திரை கிடைப்பது குதிரைக்கொம்பு. மருந்து ஆய்வாளர் வந்து ஒவ்வொரு அட்டைக்கும் கணக்குக் கேட்பார் என்று பயந்து கடைக்காரர்கள் வாங்கி வைப்பதையே விட்டுவிட்டார்கள். பெண் சிசுவைக் கலைப்பதைத் தடுக்கிறோம் என்பது அதிகாரிகள் சொல்லும் காரணம். பாலினம் தெரியவருவதற்கு முந்தைய வாரங்களில் கொடுக்கப்படும் மாத்திரையைப் பூட்டி வைத்தால் அது எப்படித் தடுக்கும் என்று கேட்டால் பதில் இல்லை. மாத்திரை கிடைக்காதவள் எங்கே போவாள்? சுரண்டும் இடத்துக்குத்தான். இல்லையென்றால் யாரோ எப்படியோ வாங்கித் தந்ததைத் தவறான அளவில் விழுங்கி, பாதி கலைந்து, கடைசியில் அதே மேசைக்கு வந்து சேருவாள். முறையாகக் கொடுக்க வேண்டியதைத் தடுத்துவிட்டு முறைகேட்டைத் தடுத்ததாகக் கணக்குக் காட்டுகிறது ஒரு துறை.

இனி இரண்டாவது சுரண்டலுக்கு வருவோம்.

சேலம், ஈரோடு, கோவை, சென்னை என்று எந்தச் சாலையில் போனாலும் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகையில் கொழுகொழு குழந்தை சிரிக்கிறது. வரும் பெண்களிடம், இதற்குமுன் கரு கலைந்ததா, சுத்தம் செய்தார்களா, அதன்பின் மாதவிலக்கு குறைந்ததா என்ற மூன்று கேள்வியை முதல் நாளிலேயே கேட்டுவிட்டால் பாதி விஷயம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். மாதவிலக்கு குறைந்த எல்லோருக்கும் தழும்பு என்று அர்த்தமில்லை. தைராய்டு இருக்கலாம், நீர்க்கட்டி இருக்கலாம். மாதவிலக்கு ஒழுங்காக வருவதால் தழும்பு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அதனால்தான் உள்ளே பார்க்க வேண்டும் என்கிறோம். சாதாரண ஸ்கேனில் இது பல சமயம் தெரியாது. உப்புநீர் விட்டு எடுக்கும் ஸ்கேனும், சாயம் விட்டு எடுக்கும் எக்ஸ்ரேயும் சந்தேகத்தைக் கிளப்பும். தீர்மானமாகச் சொல்வது ஹிஸ்டரோஸ்கோபி எனப்படும் கேமரா ஒன்றுதான். சந்தேகம் இருந்தும் அதைச் செய்யாமல், ஒட்டிய கருப்பைக்குள் கருவை வைத்துவிட்டு, நிற்கவில்லை என்றதும் அடுத்த பேக்கேஜுக்குப் பணம் கட்டச் சொல்வதை வைத்தியம் என்று நாம் சொல்ல மாட்டோம். பூட்டிய வீட்டுக் கதவிடுக்கில் கடிதத்தைச் செருகிவிட்டு, பதில் வரவில்லை என்று தபால் செலவு கேட்பது போன்ற வேலை.

தழும்புக்கு வைத்தியம் இல்லாமல் இல்லை. ஒளித்து வைக்க வேண்டியதுமில்லை. கேமரா வழியே பார்த்துக்கொண்டே மெல்லிய கத்தரியால் ஒட்டுக்களை வெட்டி விடுவார்கள். இங்கேயும் கண்மூடிச் சுரண்டல் கூடாது என்று சர்வதேச அறுவைச் சங்கங்கள் 2017-இல் வெளியிட்ட நெறிகள் எச்சரிக்கின்றன. ஆனால் ஒட்டிய கருப்பையைத் ‘திறந்துவிட’ மறுபடியும் டி அண்ட் சி செய்த கதைகளும் நம் காதில் விழுந்திருக்கின்றன. வெட்டியபின் சுவர்கள் திரும்ப ஒட்டாமலிருக்கச் சில நாள் உள்ளே சிறு பலூனோ காப்பர் இல்லாத வளையமோ ஹையலுரானிக் ஜெல்லோ வைப்பதுண்டு. படலம் வளர ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுப்பதுண்டு. பிறகு சில வாரத்தில் மறுபடி கேமரா விட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கடுமையான தழும்பு திரும்ப ஒட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. ஒரே நாளில் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரும்பாலோருக்கு மாதவிலக்கு திரும்பிவிடுகிறது. குழந்தைப்பேறோ, தழும்பு எவ்வளவு, அடியடுக்கு எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்தது. லேசானது என்றால் நம்பிக்கை அதிகம். முழுதாக ஒட்டியது என்றால் குறைவு. இந்தக் கடைசி வாக்கியத்தை நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு எத்தனை மையங்களுக்கு இருக்கிறது?

இன்னொன்றையும் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். இப்படிச் சரிசெய்த கருப்பையில் கரு தங்கினால், நஞ்சு சுவருக்குள் ஆழமாக வேரோடி, பிரசவத்தின்போது பிரியாமல் பெரும் ரத்தப்போக்கு ஏற்படும் அபாயம் உண்டு. ரத்த வங்கி உள்ள பெரிய மருத்துவமனையில்தான் பிரசவம் பார்க்க வேண்டும். சிசேரியன் தழும்பும் இதே அபாயத்தைத் தருகிறது. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்று வந்தபோது யாரும் பெரிதாகத் திடுக்கிடவில்லை. அது தனித் தலையங்கத்துக்குரிய விஷயம்.

காசநோயை விட்டுவிட்டு இந்தியாவில் கருப்பைத் தழும்பைப் பற்றிப் பேச முடியாது. இருமலும் சளியும் இல்லாமலேயே காசக்கிருமி கருக்குழாயிலும் கருப்பையிலும் குடியேறும். வருடக்கணக்கில் சத்தமில்லாமல் அரித்து, குழாயை அடைத்து, உள்படலத்தைத் தழும்பாக்கிவிடும். இந்தத் தழும்பு கரண்டித் தழும்பைவிடப் பிடிவாதமானது. வெட்டிவிட்டாலும் பலன் குறைவு. முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் வழி. தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் மருந்து இலவசம். காசநோய் ஆராய்ச்சிக்கென்றே தேசிய நிறுவனம் சென்னையில் இருக்கிறது. இருந்தும் குழந்தையில்லை என்று வரும் பெண்களிடம் வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா என்ற ஒற்றைக் கேள்வியைக் கேட்காத மையங்கள் ஒரு பக்கம். வேறெந்த ஆதாரமும் இல்லாமல் ஒரே ஒரு பி.சி.ஆர். சீட்டை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் ஆறு மாத மருந்து எழுதும் மையங்கள் மறுபக்கம். இரண்டும் தப்பு.

வழி அடைபட்டவர்களிடம் புதுச்சரக்கு விற்பதும் மும்முரமாக நடக்கிறது. சொந்த ரத்தத்திலிருந்து தட்டணுவைப் பிரித்து உள்ளே செலுத்துவது, எலும்பு மஜ்ஜையின் குருத்தணுவைச் செலுத்துவது என்று. கடுமையான ஆஷர்மன் நோயில் குருத்தணுச் சிகிச்சைக்குப் பின் கரு தங்கியதை அகமதாபாத் மருத்துவர்கள் 2011-இல் எழுதினார்கள். ஆராய்ச்சி என்ற அளவில் பெருமைக்குரியது. ஆனால் ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது, இது இன்னும் சோதனைக் கட்டத்தில் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். விலைப்பட்டியலில் மற்ற சேவைகளோடு சேர்த்து அச்சடிப்பது ஆராய்ச்சி ஆகாது.

இந்தக் கொடுமையின் எல்லை எது என்று கேட்டால் புனேவைக் காட்டலாம். 2017 மே மாதம் அங்குள்ள ஒரு மருத்துவமனையில், சுரண்டலும் சிதைவும் கண்டு ஒட்டிப்போன கருப்பையோடு வந்த ஓர் இளம்பெண்ணுக்கு அவருடைய தாயின் கருப்பையையே எடுத்துப் பொருத்தினார்கள். 2018 அக்டோபரில் அதில் குழந்தை பிறந்தது. தான் உருவான கருப்பையிலேயே தன் மகளைச் சுமந்தார். நாடே வியந்து பாராட்டியது; நாமும் வியந்தோம். ஆனால் பத்து ரூபாய் தாழ்ப்பாளைக் கவனிக்காமல் விட்டு, வீடு திருடுபோனபின் பத்து லட்ச ரூபாய்க்குப் பீரோ வாங்கும் கெட்டிக்காரத்தனம் இது என்றும் தோன்றாமல் இல்லை.

அரசாங்கத்துக்கு இந்த நோயின் பெயரே தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். நன்றாகத் தெரியும். 2021 வாடகைத்தாய் சட்டத்தின்கீழ் 2022-இல் வந்த விதிகளைப் படியுங்கள். எந்தெந்தக் காரணத்துக்காக ஒரு தம்பதி வாடகைத்தாயை நாடலாம் என்ற பட்டியலில், கருப்பை இல்லாதவர்களோடு சேர்த்து, கருப்பைக்குள் ஒட்டுத்தழும்பு உள்ளவர்களும் மெலிந்த உள்படலம் உள்ளவர்களும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறார்கள். அதாவது, உன் கருப்பை ஒட்டிவிட்டது, நீ இன்னொரு பெண்ணைத் தேடிக்கொள் என்று கடைசி வாசலில் சீல் குத்தித்தர அரசுக்குத் தெரிகிறது. ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும் முதல் வாசலில் காவல் நிற்க மட்டும் ஆளில்லை. அந்தக் கடைசி வாசலும் லேசில் திறப்பதில்லை: பணம் வாங்காமல் சுமக்க முன்வரும், திருமணமாகிச் சொந்தக் குழந்தை உள்ள, 25 முதல் 35 வயதுக்குட்பட்ட பெண் வேண்டும், அவரும் வாழ்நாளில் ஒருமுறைதான் சுமக்கலாம். விசைத்தறிக் கூலிக் குடும்பம் அப்படியொருவரை எங்கே போய்த் தேடும்?

காப்பீட்டைப் பற்றி நான்கு வரி போதும். தனியார் மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளுக்கு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்துத் தந்த பொது விலக்குப் பட்டியலில் 17ஆவது, குழந்தையின்மை. பிரதமர் காப்பீட்டிலும் பட்டியலில் பெயர் இல்லாத கருத்தரிப்பு வைத்தியத்துக்குக் காசு கிடையாது. ஒட்டுத்தழும்பை வெட்டுவது ஓர் அறுவை சிகிச்சை, காயத்துக்கான வைத்தியம். அதைக் குழந்தையின்மை என்று சொல்லித் தள்ளும் வாய்ப்பே இருக்கக்கூடாது.

ஒப்புதலைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் சொல்லியிருக்கிறது: சிகிச்சை என்ன, அதன் ஆபத்து என்ன, வேறு வழி என்ன என்று நோயாளிக்குப் புரியும்படி சொல்லி வாங்குவதுதான் ஒப்புதல். ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தில் கணவரிடம் கையெழுத்து வாங்குவது ஒப்புதல் அல்ல. நம் பள்ளிபாளையத்துப் பெண்ணின் இரண்டு சீட்டிலும் இருப்பது கணவரின் கையெழுத்து.

எனவே வெளிப்படையாகவே கேட்கிறோம். கருச்சிதைவுக்கும் கருக்கலைப்புக்கும் கூர் க்யூரெட் பயன்படுத்துவதை நிறுத்தும்படி தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை எழுத்துப்பூர்வமாக உத்தரவிட வேண்டும். உயிர் காக்கும் அவசரத்தில் எடுத்தால், ஏன் எடுத்தார் என்று மருத்துவர் தன் கையால் எழுதிவைக்கட்டும். மருத்துவப் பணிகள் கழகம் கைமுறை உறிஞ்சு கருவியை எல்லா அரசு மருத்துவமனைக்கும் தட்டுப்பாடில்லாமல் கொள்முதல் செய்ய வேண்டும். மாத்திரையை மருத்துவர் சீட்டின் பேரில் கொடுக்கும் கடைக்காரரை மிரட்டுவதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நிறுத்த வேண்டும். நர்சிங் ஹோம்கள் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவை. மாவட்ட இணை இயக்குநர் சோதனைக்குப் போகும்போது தீயணைப்பு சிலிண்டரின் தேதியைப் பார்ப்பதோடு, எத்தனை கருச்சிதைவு, எத்தனை பேருக்கு எந்த முறை என்ற பதிவேட்டையும் புரட்டட்டும். கரு கலைந்த வரலாறு உள்ள பெண்ணுக்கு, உள்ளே பார்க்காமல் டெஸ்ட் டியூப் முயற்சிக்குப் பணம் வாங்கும் மையங்களிடம், அவற்றைக் கண்காணிக்க 2021 சட்டத்தின்கீழ் அமைந்த மாநில வாரியம் விளக்கம் கேட்கட்டும். மகப்பேறு மருத்துவர் சங்கத்தினர் வருடாந்திர மாநாட்டில் ரோபோ அறுவையைப் பற்றி மூன்று அமர்வு நடத்துகிறார்கள். ஒரு அமர்வை இந்தக் கரண்டிக்கு ஒதுக்கினால் குறைந்துபோய்விட மாட்டார்கள்.

வாசகருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் மகளோ மருமகளோ தங்கையோ கரு கலைந்து மருத்துவமனைக்குப் போனால், “சுத்தம் செய்ய வேண்டும்” என்றதும் தலையாட்டிவிடாதீர்கள். மாத்திரையில் முடியாதா, உறிஞ்சி எடுக்க முடியாதா, கரண்டி போடப்போகிறீர்களா என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அதன்பின் ஆறேழு வாரத்தில் மாதவிலக்கு வரவில்லை என்றாலோ, வழக்கத்தைவிடக் குறைந்துவிட்டது என்றாலோ, வராமலேயே மாதாமாதம் அடிவயிறு வலித்தாலோ, ஹிஸ்டரோஸ்கோபி தெரிந்த மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஏழு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

சிகிச்சைக் குறிப்புகள் முழுவதையும் கேட்டு வாங்குங்கள். தர மாட்டோம் என்று சொல்ல எந்த மருத்துவருக்கும் உரிமை கிடையாது. மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.